வேலை நிரந்தரமாகாத பேராசிரியர்களுக்கு கோடிகளில் பணம்: நாசாவின் இந்தத் திட்டம் யாருக்கு? முழு விவரம்

நாசா என்றாலே ராக்கெட், நிலவு, செவ்வாய் என்றுதான் யோசிப்போம். ஆனால், இன்னும் பத்து இருபது வருஷம் கழித்து விண்வெளிக்குப் போகப்போகும் கருவிகள் பலவும் இன்றைக்கு ஏதோ ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வெறும் யோசனையாகத்தான் இருக்கின்றன. அந்த யோசனைகளுக்குப் பணம் கொடுக்க நாசா தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் பெயர் 'ஏர்லி கரியர் ஃபேகல்டி', சுருக்கமாக இ.சி.எஃப்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பணம் பெயர் பெற்ற மூத்த பேராசிரியர்களுக்குக் கிடையாது. வேலையே இன்னும் உறுதியாகாத இளம் பேராசிரியர்களுக்கு மட்டும்தான். ஏன் அப்படி? விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு பணம்?

2012-ல் முதல் முறையாக இந்த நிதி வழங்கப்பட்டபோது, ஆண்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம் டாலர் என மூன்று ஆண்டுகள் வரை தருவதாக அறிவிக்கப்பட்டது. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 1.7 கோடி ரூபாய்.

கேட்க பெரிய தொகைதான். ஆனால் இது பேராசிரியரின் பைக்குப் போகும் பணம் இல்லை. முதலில் பல்கலைக்கழகம் கட்டடம், மின்சாரம், அலுவலகச் செலவு என்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இது நேரடி ஆய்வுச் செலவில் 50 சதவீதத்தையும் தாண்டும். 50 சதவீதம் என்றே கணக்குப் போட்டாலும், 2 லட்சத்தில் ஆய்வுக்கு மிஞ்சுவது சுமார் 1.33 லட்சம் டாலர். பிஎச்.டி மாணவர்களின் உதவித்தொகை, கல்விக் கட்டணம், கருவிகள் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். சிம்பிளா சொல்லணும்னா, ஒரு சின்ன ஆய்வுக் குழுவை மூன்று வருஷம் நடத்தத் தேவையான பணம் இது.

யார் விண்ணப்பிக்கலாம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்க வேண்டும். 'டென்யூர்' எனப்படும் நிரந்தரப் பணிக்கான பாதையில் இருக்க வேண்டும், ஆனால் அது இன்னும் கிடைத்திருக்கக் கூடாது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்க வேண்டும். இளம் விஞ்ஞானிகளுக்கு அமெரிக்க அரசு வழங்கும் உயரிய விருதான அதிபர் விருதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் விண்ணப்பிக்க முடியாது.

தலைப்பையும் நாசாதான் அறிவிக்கும். அதற்குச் சம்பந்தமில்லாத யோசனை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் எடுபடாது.

ஏன் இளம் பேராசிரியர்கள்?

அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்குப் பொதுவாக ஆறாவது ஆண்டு வாக்கில் டென்யூர் பரிசீலனை நடக்கும். கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் வழக்கமாக இன்னும் ஒரு வருஷம்தான், அதன்பிறகு வேறு இடம் தேட வேண்டும். அந்த ஆறு வருஷத்துக்குள் ஆய்வகம் அமைத்து, மாணவர்களைச் சேர்த்து, கட்டுரைகள் வெளியிட்டு, வெளியிலிருந்து நிதியும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இங்கதான் சிக்கல். நிதி கேட்டால், "இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். செய்து காட்ட வேண்டும் என்றால் நிதி வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இளம் பேராசிரியர்களுக்கு மட்டும் தனிப் போட்டி. மூத்தவர்களோடு மோத வேண்டியதில்லை.

நாசாவுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதை நாசா 1 முதல் 9 வரை எண் போட்டு அளக்கிறது. 1 என்றால் அடிப்படைக் கருத்து மட்டும். 9 என்றால் விண்வெளியில் வேலை செய்து நிரூபித்தது. கீழ்ப்படிகளில் இருப்பதற்கு எந்த நிறுவனமும் எளிதில் பணம் போடாது, ஏனென்றால் பலவும் தோற்றுப்போகும். ஆனால் கீழ்ப்படியைத் தாண்டாமல் எதுவும் 9-க்கு வராது.

ஒரு உதாரணம்

ரெபெக்கா கிரேமர்-போட்டிக்லியோ இந்த நாசா விருதைப் பெற்றவர்களில் ஒருவர். மென்மையான ரோபோக்கள் பற்றிய யோசனைகளை நாசா கேட்டபோதுதான் அவருக்கு 'ரோபோ தோல்' என்ற எண்ணம் உதித்தது. சென்சார்களும் அசைக்கும் பாகங்களும் பொருத்திய, இழுபடக்கூடிய தாள் அது. பொம்மையின் காலிலோ ஸ்பாஞ்ச் துண்டிலோ சுற்றினால், அந்தப் பொருளே ரோபோவாக நகரும். கழற்றி வேறு பொருளில் சுற்றினால் வேறு வேலை செய்யும். ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கும் விண்வெளிப் பயணத்தில், ஒரே கருவி பல வேலை செய்தால் அது பெரிய விஷயம்.

யேல் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த ஆய்வு 2018-ல் வெளியானது. 2019-ல் அவருக்கு அதிபர் விருதும் கிடைத்தது.

இந்தியர்களுக்கு வாய்ப்பு உண்டா?

அமெரிக்காவில் பொறியியல் பேராசிரியர்களாக இருக்கும் இந்தியர்கள் ஏராளம். கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். எச்-1பி விசாவில் இருந்தால் முடியாது.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பல பிரிவுகளில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. டென்யூர் கடிகாரமோ அதற்காக நிற்காது. கார்டு கைக்கு வரும்போது டென்யூரும் வந்திருந்தால், "நீங்கள் இப்போது இளம் பேராசிரியர் இல்லை" என்று இந்தக் கதவு மூடியிருக்கும். திறமை குறைந்து போனதால் அல்ல, தேதி பொருந்தாததால் போகும் வாய்ப்பு இது. அமெரிக்காவில் பேராசிரியர் வேலைக்குத் திட்டமிடுபவர்கள், வேலையில் சேரும்போதே இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இனி என்ன?

2026 நிதியாண்டுக்கான பட்ஜெட் முன்மொழிவில், நாசாவின் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவுக்கான தொகையைச் சுமார் 110 கோடி டாலரிலிருந்து சுமார் 57 கோடி டாலராகக் குறைக்க வெள்ளை மாளிகை பரிந்துரைத்தது. இ.சி.எஃப் இருப்பது இந்தப் பிரிவில்தான். முன்மொழிவது அதிபர், பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம் என்பதால் பரிந்துரையே இறுதி முடிவாகிவிடாது.

ஆனாலும், செலவைக் குறைக்கும்போது ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டை நிறுத்தினால் அன்றைக்கே தலைப்புச் செய்தி. ஆய்வகத்தில் இருக்கும் யோசனையை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. அதன் இழப்பு தெரியவர பத்து வருஷம் ஆகும். அதற்குள் அந்த இளம் பேராசிரியர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.