எந்தப் பூட்டைத் திறக்கலாம்?

காலையில் ஓர்ஸ் ஹில் விவேகானந்தா கல்லூரிப் பக்கம் பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களில் பல, ஸ்டார்ட் செய்தவுடன் ஜப்பானிய மொழியில் பேசுகின்றன. "ஈ.டி.சி. காடோ கா சோன்யூ சரேதே இமசென்." ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் சுங்கம் கட்டும் அட்டை செருகப்படவில்லை என்று அந்தப் பெண் குரல் நினைவூட்டுகிறது. திருகோணமலையில் அந்த அட்டைக்கு வேலையே இல்லை. குரல் ஓய்ந்ததும் திரையில் ஒரு நீண்ட எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் வருகிறது. அதன் கீழுள்ள பொத்தானை எல்லோரும் வாசிக்காமலே தட்டிவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர் காரில் இருந்தால்தானே!

ஜப்பானும் இலங்கையும் வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அதனால் அங்கே பாவித்த கார் இங்கே எந்த மாற்றமும் இல்லாமல் வீதிக்கு இறங்கலாம். போர் முடிந்து, 2010இல் இறக்குமதி வரியும் குறைந்தபின் விட்ஸ், அக்ஸியோ, பிரியஸ், அக்குவா, வெகன் ஆர் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் அந்தத் திரையின் பின்னால் கைவைத்தார்.

கைவைக்க வேண்டிய தேவையும் இருந்தது. அந்தத் திரைக்குத் தெரிந்த நிலம் ஜப்பான் மட்டும். ஹொக்கைடோவின் சந்துகளெல்லாம் அதில் இருக்கும். திருகோணமலையின் உட்துறைமுக வீதி இருக்காது. வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம் பண்பலை நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. சில டொயோட்டா செட்டுகளில் வரைபடமும் இயங்குமென்பொருளும் ஒரே எஸ்.டி. அட்டைக்குள் இருக்கின்றன. பாட்டு ஏற்றலாம் என்று யாராவது அந்த அட்டையை இழுத்தாலோ, பழுது பார்க்கையில் பற்றரியைக் கழற்றினாலோ, செட் பூட்டிக்கொண்டு ஒரு குறியீட்டைக் கேட்கும். அது திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. குறியீடு எழுதிய தாள் ஜப்பானில் முதல் உரிமையாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கலாம், குப்பைக்கும் போயிருக்கலாம். இங்கே பணம் கொடுத்து வாங்கியவருக்கோ வானொலியும் இல்லை, அந்தத் திரையில் தெரியும் றிவேர்ஸ் கமராவும் இல்லை.

இந்தப் பூட்டைத் திறக்கிற வயரிங் பாஸ்மாரை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சொந்தக் காரின் வானொலியைக் கேட்க ஒருவர் வேறு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டும் கமராவை ஒரு குறியீட்டுக்காக இருட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து. கையேடும் இல்லாமல், மொழியும் தெரியாமல், படங்களைப் பார்த்தே இந்தச் செட்டுகளின் உள்வழிகளைக் கற்றுக்கொண்ட தொழிலாளர்கள் நம் ஊர்க் கராஜ்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையை நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

ஆனால் அதே திரையில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. "எல்லா லொக்கையும் எடுத்துவிடுங்கோ பாஸ்" என்று கார்க்காரர் சொல்லும்போது அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. கார் ஓடத் தொடங்கியதும் படத்தை மறைத்து ஒலியை மட்டும் விடுகிற பூட்டு அது. போகுமிடத்தின் பெயரைத் தட்டச்சு செய்வதையும் அதுவே ஓட்டத்தில் தடுக்கிறது.

இதை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. காருக்குள் வரைபட வழிகாட்டியை ஏற்றுவதில் ஜப்பான் முன்னோடி. 1981இல் ஹொண்டா, செயற்கைக்கோள் உதவி இல்லாமல், ஹீலியம் வாயுவால் இயங்கும் சுழற்சி உணரியையும் ஒளி ஊடுருவும் வரைபடத் தாளையும் வைத்து ஒரு வழிகாட்டியை விற்றது. 1990இல் மஸ்டாவின் யூனோஸ் கொஸ்மோ காரில் ஜி.பி.எஸ். வந்தது. ஓட்டுநரின் கண் திரையில் ஒட்டிக்கொள்ளும் சிக்கலையும் அவர்களே முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டார்கள். ஜப்பானிய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம் தன் வழிகாட்டு விதிகளை 2004இல் இறுக்கியபோது, ஓடும் காரில் ஒரு வேலையைச் செய்துமுடிக்கத் திரையைப் பார்க்கும் மொத்த நேரம் 8 விநாடியைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது. ஓட்டத்தில் தொலைக்காட்சிப் படமே கூடாது என்றது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வகுத்த அளவு, ஒரு பார்வைக்கு 2 விநாடி, மொத்தம் 12 விநாடி. ஓட்டும்போது திரையை உற்றுப் பார்ப்பதற்கான தண்டனையை ஜப்பான் 2019 டிசம்பரில் மேலும் கடுமையாக்கியது.

இரண்டு விநாடி என்பது சின்னக் கணக்காகத் தோன்றும். நகருக்கு வெளியே நம் கார்களுக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் இரண்டு விநாடிக்குள் கார் 39 மீற்றர் போய்விடும். கந்தளாயைத் தாண்டி ஹபரணை நோக்கிப் போகும் ஏ6 வீதியை இரவில் நினைத்துப் பாருங்கள். யானை ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் வரும்வரை தெரியாது; அதன் நிறம் அப்படி. தம்பலகாமம் பக்கம் மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். நகருக்குள் 50இல் வந்தாலும் அதே இரண்டு விநாடிக்கு 28 மீற்றர். திருகோணமலை நகரில் புள்ளிமான்கள் வீதி கடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவை எந்தச் சந்தியையும் பார்த்துக் கடப்பதில்லை. பிள்ளைகளும் அப்படித்தான்.

பூட்டு இயங்கும் முறை எளிது. கைப்பிறேக் இழுபட்டிருக்கிறதா, சக்கரம் சுழல்கிறதா என்ற இரண்டு சமிக்ஞைகளைச் செட் கேட்டுக்கொண்டே இருக்கும். பூட்டை எடுப்பதென்பது கார் எப்போதும் நிறுத்தியே இருக்கிறது என்று செட்டை நம்பவைப்பது. வேகச் சமிக்ஞையை மறித்துவிட்ட கார்களில் வழிகாட்டியே தடுமாறும். செயற்கைக்கோள் எட்டாத இடத்தில் கார் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிட அதற்குச் சக்கரத்தின் கணக்குத்தான் துணை. படம் பார்ப்பதற்காக வழியை இழக்கிறோம்.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. ஜப்பானியச் செட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய அன்ட்ரொயிட் செட் போடுகிறார்கள். வரைபடம் தமிழிலேயே வழி சொல்லும், மிக நல்லது. ஆனால் கைப்பிறேக்குக்குப் போகவேண்டிய வயரைப் பூட்டும்போதே காரின் உடம்போடு இணைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உரிமையாளரிடம் யாரும் கேட்பதில்லை. தன் காரில் அப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. உயிர் தொடர்பான ஒரு முடிவு கராஜ் வாங்கில் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கப்படுகிறது. முடிவு எடுத்ததாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

பூட்டை வேண்டாம் என்பவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் இருக்கும் மனைவி இடத்தின் பெயரைத் தட்டினாலும் திரை மறுக்கிறது. தட்டுவது யாருடைய விரல் என்று அதற்குத் தெரியாது. கொழும்புக்கு இரவில் வான் ஓட்டுகிறவர் படம் ஓடினால்தான் தூக்கம் வராது என்கிறார். முதல் குறைக்கு நல்ல தீர்வுகள் உண்டு. ஒரே திரையில் ஓட்டுநருக்கு வரைபடமும் அருகில் இருப்பவருக்குத் திரைப்படமும் தெரியும் முறையைச் சில உயர்விலைக் கார்கள் 2009 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டன. இரண்டாவதற்குத் திரை தீர்வல்ல. தூக்கம் வருகிற ஓட்டுநருக்கு இன்னொருவர் மாறி ஓட்ட வேண்டும், அல்லது வானை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூட வேண்டும். ஹபரணையில் விடியும்வரை தேநீர் கிடைக்கும்.

கம்பனிகளே பூட்டைத் தளர்த்திய கதையும் உண்டு. கார் நின்றால் மட்டும் விளையாடக்கூடியதாக இருந்த விளையாட்டுகளை, 2020 டிசம்பரிலிருந்து ஓடும்போதும் நடுத்திரையில் விளையாட டெஸ்லா இடம்கொடுத்தது. பாதுகாப்பு? "நான் பயணி" என்று ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். 2021 டிசம்பரில் ஏறத்தாழ 5,80,000 கார்கள் பற்றி அமெரிக்க அரசு விசாரணை தொடங்கியதும் டெஸ்லா அந்த வசதியை மறுபடி பூட்டியது. நம் கார்களின் ஜப்பானிய எச்சரிக்கைக்குக் கீழே இருக்கும் பொத்தானும் இந்த வகைதான். கேள்வி கேட்கிறது, பதில் உண்மையா என்று பார்ப்பதில்லை.

ஓர்ஸ் ஹில்லில் இருப்பவர்களுக்குக் கப்பல் புதிதல்ல. கப்பலை ஓட்டும் அறையிலும் மின்னணு வரைபடமும் எச்சரிக்கை ஒலியும் இருக்கின்றன. 2013 செப்டெம்பர் 18 அன்று ஓவிட் என்ற டேங்கர், ரொட்டர்டாமிலிருந்து தாவர எண்ணெயோடு டோவர் நீரிணை வழியாக வந்தது. வகுத்த பாதையே வார்ன் மணல்திட்டின் மேலாகப் போனது. ஆழ அளவுகள் சரியாக இடப்படவில்லை. ஒலியெழுப்ப வேண்டிய எச்சரிக்கை வேலை செய்யவில்லை. கப்பல் தரைதட்டியதைக் காவல் அதிகாரி முழுமையாக உணர 19 நிமிடம் ஆயிற்று என்று பிரித்தானிய விசாரணை அறிக்கை பதிந்திருக்கிறது. நல்வாய்ப்பாக யாரும் சாகவில்லை, எண்ணெயும் கடலில் கலக்கவில்லை. தேர்ச்சி பெற்ற மாலுமிக்கே இந்த நிலை. டோவர் நீரிணையில் அவருக்கு 19 நிமிடம் கிடைத்தது. ஏ6 வீதியில் நமக்கு அது கிடைக்காது.

அரசு செய்யக்கூடியது அதிகம். ஒவ்வொரு ஆண்டும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயிலிருந்து வருவதை அளக்கிறார்கள்; ஓட்டுநரின் கண்முன் படம் ஓடுகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில் இதையும் பார்க்கலாம். பாவித்த கார் விற்பவர் திரையில் வரும் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுச் சாவியோடு கொடுக்கவேண்டும் என்று விதி போடலாம். அதற்கு ஒரு தாளின் செலவுதான்.

அதுவரை உங்கள் காரை நீங்களே பார்க்கலாம். வீட்டு முற்றத்தில், சமதரையில், ஒருவரைப் பக்கத்தில் இருத்தித் திரையில் ஏதாவது வீடியோவைப் போடச் சொல்லுங்கள். கைப்பிறேக்கை இறக்கி மெதுவாக நாலு மீற்றர் நகருங்கள். கண்ணை முற்றத்திலேயே வைத்திருங்கள். படம் மறைந்ததா என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். மறையாமல் ஓடினால், காரை அதே பாஸிடம் கொண்டுபோய் அந்த வயரை அதற்குரிய இடத்தில் பூட்டித் தரச் சொல்லுங்கள். எது அந்த வயர் என்று அவருக்குத் தெரியும்.