அணையைப் பாரு... அறையை அடுக்கு!

எங்க ஆபீஸ்ல யாருக்கு டிரான்ஸ்பர் வந்தாலும் முதல் தகவல் பெண்டாட்டிக்கு. இரண்டாவது தகவல் எனக்கு! சம்பந்தப்பட்டவர் மெதுவா என் டேபிள் பக்கம் வந்து, "அண்ணே... ஞாயித்துக்கிழமை வேலை ஏதும் இருக்கா?" என்று குழைந்தால், விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று அர்த்தமில்லை. சாமான் கட்டக் கூப்பிடுகிறார்!

போகிற ஊரில் மேன்ஷன் ரூமில் ஒரு கட்டில்தான் கிடைக்கும். பீரோ, ஃப்ரிட்ஜ், மெத்தையெல்லாம் எங்கே போகும்? சென்னை, பெங்களூரில் சாமான் வைப்பதற்கென்றே மாச வாடகைக்கு அறை தருகிறார்கள். நம்ம தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் மாமனார் வீட்டு மாடி, இல்லேன்னா தெரிஞ்சவர் வீட்டுப் பின்கட்டு அறை. எதுவானாலும் அடுக்குகிற சூத்திரம் ஒண்ணுதான். அதைக் கத்துக்க ஒரு நடை வைகை அணைக்குப் போய் வந்தால் போதும்.

1959-ல் திறந்த அணை. முழு நீர்மட்டம் 71 அடி. ஆனால் 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. 'இன்னும் இடம் இருக்கே' என்று கடைசி அங்குலம் வரை யாரும் கண்ணை மூடிக்கிட்டு இருப்பதில்லை. நாம மட்டும் கதவைத் தோளால் முட்டிச் சாத்துகிற அளவுக்கு அறையை ரொப்புகிறோம்!

கூரைக்குக் கீழே ஒன்றரை அடி விடுங்க. சுவருக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு சாண் விடுங்க. காத்தும் போகும், கரையான் சுவரில் மண்கோடு போட்டு ஏறினால் கண்ணிலும் படும். தரையில் எதையும் நேராக வைக்க வேண்டாம். செங்கல் வைத்து, மேலே பலகை போடுங்க. ஐப்பசி அடைமழையில் சிமெண்ட் தரை ஓதம் காக்கும்.

அடுத்து, மதகு! தேக்குவது மட்டுமா அணையின் வேலை? கேட்கிறபோது திறந்து விடவும் வேண்டாமா? கதவிலிருந்து பின்சுவர் வரை ஆள் ஒருக்களிச்சுப் போகிற அளவுக்கு ஒரு சந்து விடுங்க. அதுதான் உங்க மதகு.

இது இல்லாததால் என் நண்பன் ஒருத்தன் பட்ட பாடு பெரிசு. துபாயில் வேலை. திடீர்னு, "ஒரிஜினல் சர்ட்டிபிகேட் உடனே வேணும் மாப்ள, அப்பாவைக் கூட்டிட்டுப் போய் எடு" என்றான். சர்ட்டிபிகேட் பீரோவுக்குள்ளே. பீரோ கட்டிலுக்குப் பின்னாடி. கட்டில் மேலே ஊர்ப்பட்ட மூட்டை! அவன் அப்பாவும் நானும் காலையில் ஆரம்பிச்சு, பீரோவைத் தொடும்போது விளக்கு வைக்கிற நேரம். சர்ட்டிபிகேட் பிழைச்சுது. தரையோரம் அட்டைப்பெட்டியில் இருந்த அவன் அம்மாவின் போட்டோ பிழைக்கவில்லை. கரையான்! அந்தம்மா இறந்து ஆறு வருஷம். வீட்டில் இருந்த ஒரே படம் அது. பெரியவர் வெறும் சட்டத்தைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தார், ஒண்ணும் பேசலை. சர்ட்டிபிகேட்டுக்கு டூப்ளிகேட் வாங்கலாம். இதுக்கு எந்த ஆபீஸில் மனுப் போடறது?

அதனால் சர்ட்டிபிகேட், பத்திரம், நகை, பழைய போட்டோ எதுவும் அறைக்குள்ளே போகவே கூடாது. கூடவே எடுத்துட்டுப் போங்க, அல்லது பெத்தவங்க கையில் கொடுங்க.

மத்ததெல்லாம் சுலபம். அடியில் கனம், மேலே லேசு. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. பெரிய பெட்டியில் போட்டால் தூக்குகிறவர் இடுப்பு போகும். தட்டு, கண்ணாடியைப் படுக்க வைக்காதீங்க, நிக்க வைங்க. கம்பம் திராட்சை வந்த பெட்டி சும்மா கிடைக்குதேன்னு துணி அடுக்கினால், எறும்பு குடும்பத்தோடு வரும்! ஃப்ரிட்ஜை நல்லாத் துடைச்சு, நின்ன வாக்கிலேயே வைத்து, கதவு இடுக்கில் ஒரு துணிச் சுருள் செருகுங்க. இறுக்கி மூடினால் உள்ளே பூஞ்சைதான். டார்ச், கடிகாரத்தில் பேட்டரியைக் கழட்டுங்க. பெட்டியின் மேலே எழுதாதீங்க, பக்கவாட்டில் நம்பர் போடுங்க. எந்த நம்பரில் என்ன என்பது உங்க நோட்டில் இருக்கட்டும்.

இனி, விளையாட்டே கூடாத விஷயம். போடி இலவம்பஞ்சு மெத்தை தூங்கச் சொர்க்கம், தீக்கு அல்வா. அது இருக்கிற அறையில் மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் டப்பா, தீப்பெட்டி எதுவும் கூடாது. பைக்கை வைத்தால் பெட்ரோலை வடிச்சு, பேட்டரி இணைப்பை எடுத்துடுங்க. கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைச்சு வவுச்சர் வாங்குங்க. டெபாசிட் திரும்ப வரும், புது ஊரில் கனெக்ஷன் எடுக்கவும் உதவும்.

கடைசியாக, வண்டல். வருஷக்கணக்காய்ப் படிந்த வண்டலால் வைகை அணையின் கொள்ளளவே குறைஞ்சு போச்சு. நம்ம வீட்டு வண்டல், ஓடாத மிக்ஸியும் ஒத்தைச் செருப்பும்! ஒரு வருஷ அறை வாடகையைக் கணக்குப் போடுங்க. சாமானின் விலையைவிட அது அதிகமா? பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிடுங்க.

ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொண்ணு ஊரில் நம்பிக்கையான ஆள்கிட்ட. மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. அவ்வளவு பெரிய அணையையே தினமும் அளந்து பார்க்கிறாங்க... உங்க பத்துக்குப் பத்து அறைக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?