தோட்ட மதிலும் துறவு வாழ்வும்

மதில் என்றவுடன் அரணும் அகழியும் முற்றுகையுமே தமிழ் கற்றார் நினைவில் எழும். பகைவரைத் தடுப்பதற்கன்றித் தனிமையைப் பேணுதற்கென்றே எழுப்பப்பட்ட மதில்களும் உள. இங்கிலாந்தின் வடபால், யார்க்சயரில் மவுண்ட் கிரேஸ் என்னும் பழைய துறவிமடத்தில் எஞ்சி நிற்கும் தோட்ட மதில்கள் அத்தகையன. அவை உணர்த்துவனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1398இல் நிறுவப்பெற்ற இம்மடம் கார்த்தூசியத் துறவியர்க்கு உரியது. 1084இல் புரூனோ என்பார் தொடங்கிய இந்நெறியில், ஒரே கூடத்தில் நாள்தோறும் கூடியுண்டு உறங்கும் வழக்கம் இல்லை. பெருமுற்றத்தைச் சூழ ஒவ்வொருவர்க்கும் ஈரடுக்கு இல்லமும் அதனை ஒட்டி ஒரு தோட்டமும் அமைந்தன. தோட்டங்களைப் பிரித்தன உயர்ந்த கல்மதில்கள். மதிலோரமாகக் கூரை வேய்ந்த நடைவழியும், தோட்டத்தின் கோடியில் கழிப்பிடமும், குன்றின் ஊற்றினின்று குழாய்வழி வரும் நீரும் இருந்தன. உணவு வைக்கும் சுவர்த்துளையும் நேரே செல்லாது வளைந்து செல்லும். கொடுப்பார் முகத்தைக் கொள்வார் காணார்.

இவற்றைக் கொண்டு இதனைச் சிறைக்கோட்டம் எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. துறவியர் கோயிலிற் கூடி வழிபட்டனர். ஞாயிறுதோறும் ஒருங்கிருந்து உண்டனர். மேலும், தோட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று அமையவில்லை என்பது அகழ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. உடை, உணவு, வழிபாடு அனைத்தும் விதிக்கு உட்பட்ட வாழ்வில், மதிலுக்கு உட்பட்ட சிறு நிலமே ஒருவர் தம் விருப்பம் விளங்க அமைத்துக்கொண்ட இடம் ஆயிற்று.

பிறிதொரு சான்றும் உண்டு. இத்துறவியர் நூல்களைப் படியெடுத்தலைத் தம் தொழிலாகக் கொண்டவர். மார்செரி கெம்ப் என்னும் பெண்மணி, தம் வாழ்வையும் கண்ணீரையும் நெடும்பயணங்களையும் பிறர் எழுதச் சொல்லிய நூலுக்கு இன்று கிடைப்பது ஒரே முழுச்சுவடி. 1934இல் வெளிப்பட்ட அச்சுவடி மவுண்ட் கிரேசுக்கு உரியதாய் இருந்தது. அதன் ஓரங்களில் துறவியர் எழுதிய குறிப்புகள் உள்ளன. பெண்டிர் புகாத மதிலுக்குள் ஒரு பெண்ணின் குரல் புகுந்தது. போற்றிப் படிக்கவும் பெற்றது. ஆட்களை விலக்கிய மதில் எழுத்தை விலக்கவில்லை என்பது இதனால் தெளிவாம்.

1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. துறவியர் நீங்கினர், சுவடி வேறிடம் சென்றது, மதில்கள் நின்றன. கல்லை மட்டும் காண்பார்க்கு அவை வெறுந்தடை. சுவடியை மட்டும் காண்பார்க்கு அதனைப் பயின்றோர் வாழ்ந்த தனிமை புலப்படாது. இரண்டனையும் இணைத்து நோக்குதலே ஆராய்வார் கடனாம்.