ஏலக்காய் விலையும் எட்டெழுத்து முகவரியும்

இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் கைமாறும் ஏலக்காயில் ஒரு பகுதி சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதன் விலையோ எதிலும் ஏறி வருவதில்லை. வாங்குபவரின் வங்கி விற்பவரின் வங்கிக்கு விடுக்கும் ஒரு செய்தியும், அதையொட்டிப் பேரேடுகளில் விழும் பற்று வரவுகளுமே அந்தப் பணப்பயணம்.

அச்செய்தியைச் சுமக்கும் வலையமைப்பே ஸ்விஃப்ட். 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் 1973இல் பெல்ஜியத்தில் நிறுவிய இக்கூட்டுறவு நிறுவனம் 1977இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் டெலக்ஸில் வந்த ஆணைகள் மெய்யானவையா என்பதை இரகசிய எண்களைக் கொண்டு வங்கி ஊழியர்களே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இவ்வலையமைப்பில் ஒரு வங்கிக்குரிய முகவரியே வங்கி அடையாளக் குறியீடு; ஐஎஸ்ஓ 9362 என்னும் பன்னாட்டுத் தரம் அதன் அமைப்பை வரையறுக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியின் குறியீட்டில் எஸ்பிஐஎன் என்னும் முதல் நான்கெழுத்து வங்கியையும், ஐஎன் நாட்டையும், பிபி மும்பையையும் குறிக்கின்றன. இவ்வெட்டுடன் மேலும் மூன்று எழுத்துகள் சேர்ந்தால் அவை கிளையைச் சுட்டும், மூன்றும் எக்ஸ் ஆயின் தலைமையிடம் என்று பொருள். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்குரிய ஐஎஃப்எஸ்சியும் பதினோரு எழுத்துகளால் ஆனது, பெரும்பாலும் அதே நான்கெழுத்தில் தொடங்குவது என்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாம் இடத்தில் எப்போதும் சுழியம் நிற்பதே இரண்டையும் பிரித்தறியும் வழி. சிற்றூர்க் கிளைகள் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இல்லை. அந்நியச் செலாவணியைக் கையாளும் கிளைக்கோ தலைமையிடத்துக்கோ செய்தி வந்துசேர, அங்கிருந்து கணக்கு எண்ணே வழிகாட்டுகிறது.

டாலரில் விலை பேசப்பட்டாலும் அந்த டாலர் இடுக்கிக்கு வருவதே இல்லை. இந்திய வங்கி நியூயார்க் வங்கியொன்றில் தன் பெயரில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ எனப்படும் கணக்கில் அது வரவாக, இங்கே அன்றைய மாற்று விகிதப்படி ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. இரு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லாதபோது இடைநிலை வங்கியொன்றின் குறியீடும் தேவைப்படுகிறது. அதுவும் தன் பங்குக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதுண்டு.

வளைகுடா நாடுகளில் வழங்கும் ஐபான் என்னும் பன்னாட்டுக் கணக்கு எண்ணில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. இந்தியா அம்முறையை மேற்கொள்ளவில்லை. வங்கி அடையாளக் குறியீட்டிலும் அத்தகைய இலக்கம் இல்லை. ஆகவே துபாயிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் பணம் அனுப்புபவர் கணக்கு எண்ணில் ஓரிலக்கத்தை மாற்றி எழுதினால் அனுப்பும் வங்கிக்கு அது தெரியாமலே போகலாம். பெயர் பொருந்தவில்லையென்று இங்குள்ள வங்கி பணத்தைத் திருப்பும் வேளையில் இடைநிலை வங்கி தன் கட்டணத்தை எடுத்திருக்கும்.