இதயத் துடிப்பும் வைத்தியப் பயிற்சியும்

1848ஆம் ஆண்டில் மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தொடங்கிய கிறீன் வைத்தியர், மாணாக்கரை நூலளவில் நிறுத்தாது நோயாளியின் அருகிருத்திப் பயிற்றினார். அம்முறையின் இன்றியமையாமை இன்றைய இதயத் துடிப்பு வைத்தியத்தில் நன்கு புலனாகும்.

இதயத்தை இயக்குவது மின்தூண்டலாகும். அது வலது மேலறையில் ஒரு கணுவிலே பிறந்து, மேலறைகளிற் பரவி, நடுக்கணுவிற் சிறிது தாமதித்துக் கீழறைகளை அடையும். இந்நடுக்கணுவை 1906இல் விளக்கியவர் யப்பானிய அறிஞர் தவாரா. இவ்வழி பிறழின் துடிப்பும் ஒழுங்கு குலையும்.

பிறழ்வை விளைக்கும் சிறு தசைப்பகுதியை, தொடை நாளத்தின் வழியே செலுத்திய மெல்லிய குழலின் நுனியால் வெம்மையூட்டி அழித்தல் இக்காலச் சிகிச்சைகளுள் ஒன்று. நடுக்கணுவின் அருகே சில மில்லிமீற்றர் பிசகினும் அக்கணு கெட்டு, நோயாளி வாழ்நாள் முழுவதும் செயற்கை முடுக்கியைச் சார்ந்திருக்க நேரலாம்.

ஆதலின், இதய வைத்தியராய்த் தேறியவரும் இத்துறைக்கெனப் பின்னும் ஓரிரண்டாண்டு மூத்தோர் மேற்பார்வையிற் பயில்வர். மின்பதிவை நோக்கிப் பிறழ்விடத்தைத் துணிதல், குழலை நடத்துதல், ஐயம் எழுந்தவிடத்துக் கையை மீட்டல் என்பன அங்குக் கற்பன. இவற்றுள் இறுதியானதே அரிது. அதனை நூல் கற்பிக்கமாட்டாது. மானிப்பாய்க் காலத்துக் கருவிகள் மாறின. அருகிருந்து கற்கும் நெறியோ மாறவில்லை.