ஏரித்தைக் காப்பாற்ற வழி உண்டா?

கதை ஆடும் களம் – 11

கேம்களில் உயிர் என்பது ஓர் எண்ணாக இருப்பதைப் போன வாரம் பார்த்தோம். எண் பூஜ்யமானால் பாத்திரம் விழுந்துவிடும், மருந்து கொடுத்தால் எழுந்துவிடும். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையில் அந்த மருந்துக்கு ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்று பெயர். ஃபீனிக்ஸ் பறவையின் இறகு அது. ஏழாம் பாகத்தில் அது கடையில் 300 கில் (கேமின் நாணயம்) கொடுத்தால் கிடைக்கும். அந்த இறகுக்கும் எழாத ஒருத்தியைப் பற்றியது இந்த வாரக் கதை. 27 ஆண்டுகள் கழித்து அவளைப் படைத்தவர்களே மறுபடியும் அவளிடம் திரும்பி வந்தார்கள். அதற்கு ரசிகர்களின் பிடிவாதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ வெளியானது. ஸ்குவேர் நிறுவனம் ப்ளேஸ்டேஷனுக்காகச் செய்த அந்த கேம் மூன்று சிடிகளில் வந்தது. மிட்கர் நகரத்துச் சேரியில் பூ விற்கும் ஏரித், பண்டைய இனமொன்றின் கடைசி வாரிசு. முதல் சிடி முடிகிற இடத்தில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட ஒரு பழைய நகரம், அதன் அடியில் நீர் சூழ்ந்த மேடை. ஏரித் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறாள். நாயகன் கிளவுட் அவளை நெருங்குகிறான். நாம் பட்டனை அழுத்த அழுத்த, அவன் கை அவளுக்கு எதிராகவே வாளை ஓங்குகிறது. வில்லன் செஃபிராத் அவன் மனதை ஆட்டிவைக்கிறான். தோழர்கள் கத்தியதும் கிளவுட் சுதாரித்துக்கொள்கிறான். ஏரித் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அந்த நொடியில் மேலிருந்து இறங்கும் செஃபிராத்தின் நீண்ட வாள் அவள் உடலை ஊடுருவுகிறது. கூந்தலில் முடிந்திருந்த வெள்ளை மணி நழுவி, படிப்படியாகத் துள்ளித் தண்ணீரில் விழுகிறது. நோபுவோ உவேமாட்சு அவளுக்காக அமைத்த இசை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்து வரும் சண்டையிலும் அது நிற்பதில்லை. வழக்கமான போர் இசைக்கு அங்கே இடமே இல்லை. விளையாடுகிறவர் அந்த இசை ஒலிக்க ஒலிக்கவே தாக்குதலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். கடைசியில் கிளவுட் அவளைத் தூக்கிச் சென்று நீருக்குள் மெல்ல விடுகிறான்.

அவளுக்கென்று இருந்த சிறப்புத் திறன்களில் பெரும்பாலானவை குழுவைக் குணப்படுத்தவும் காக்கவும் உதவுகிறவை. மணிக்கணக்காக அவளை வளர்த்தவர்களுக்கு அடுத்த சண்டையிலேயே அவள் இல்லாதது உறைத்தது. உடனே ஒரு கேள்வி எழுந்தது: அவளைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி இருக்குமா?

அப்பாவி ரசிகர்களின் ஆசை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படி நம்பும்படி அவர்களைப் பழக்கியதே இந்த கேம் வரிசைதான். 1991-ல் வந்த நான்காம் பாகத்தில், தோழர்களைக் காக்கத் தங்களையே கல்லாக்கிக்கொண்ட இரட்டைக் குழந்தைகள் பின்னால் உயிரோடு வருகிறார்கள். வெடிகுண்டோடு குதித்த சிட் என்ற தோழரும் பிழைத்துவிடுகிறார். 1994-ல் வந்த ஆறாம் பாகத்தில் ஷேடோ என்றொரு கொலையாளி வருகிறான். நொறுங்கிக்கொண்டிருக்கும் மிதக்கும் கண்டத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓட, கடைசிச் சில நொடிகள்வரை அவனுக்காகக் காத்திருந்தால் அவன் பிழைப்பான். அவசரப்பட்டுக் குதித்துவிட்டால் செத்துப்போவான். பொறுமையும் பாசமும் இருந்தால் ஒரு பாத்திரத்தின் சாவைத் தடுக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டவர்கள், ஏரித்தையும் அப்படித் தேடியதில் என்ன தவறு?

எதிர்ப்பக்கச் சாட்சியும் அதே வரிசையில் இருந்தது. 1992-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் கிழவர் காலூஃப் சாகும்போது, தோழர்கள் மந்திரம் போட்டுப் பார்க்கிறார்கள், ஃபீனிக்ஸ் டவுனையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். எதுவும் பலிக்கவில்லை. ஆனால் அவர் கற்ற திறன்கள் அனைத்தும் பேத்தி க்ரைலுக்குப் போய்விடுகின்றன. அதனால் விளையாடுகிறவரின் உழைப்பு வீண்போவதில்லை. ஏரித்துக்கு அப்படி ஒரு வாரிசுகூட இல்லை. இந்த வரிசையில் அதுவரை வந்த சாவுகளில் எனக்கு இதுவே மிகக் கடுமையாகப் படுகிறது.

வதந்திகள் விதவிதமாகக் கிளம்பின. போன் வில்லேஜ் என்ற ஊரில் மண்ணைத் தோண்டி எடுக்கும் சாவியைக் கொண்டு, கதையின் பிற்பகுதியில் மிட்கருக்குத் திரும்ப முடியும். ஏரித் பூ வளர்த்த தேவாலயத்துக்குள் நுழைந்தால், பூக்களின் அருகே அவள் உருவம் கணநேரம் மின்னி மறையும். இது வதந்தியில்லை, கேமுக்குள்ளேயே இருக்கிறது. ஆவி வருகிறதென்றால் உடலும் வரும் என்று வாதிட்டார்கள். கேமின் விதிகளை மீற உதவும் சீட் கருவிகளைச் செருகி அவளைக் குழுவில் சேர்த்தவர்கள், பிந்தைய சில காட்சிகளில் அவளுக்கு வசனம் இருப்பதைக் கண்டு இன்னும் உறுதியானார்கள். அழிக்காமல் விட்டுப்போன வரிகளாக அவை இருக்கலாம். தேடுகிறவர்களின் கண்ணுக்கு அவை பெரிய துப்பு.

உருவாக்கியவர்களின் எண்ணமோ தெளிவாக இருந்தது. இயக்குநர் யோஷினோரி கிடாசே பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நிஜத்தில் சாவு முன்னறிவிப்போடு வருவதில்லை. போன பிறகு மிஞ்சுவது வெறுமையும், முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்ற தவிப்பும்தான். அதையே காட்ட விரும்பினோம் என்பது அவர் சொன்னதன் சாரம். இறுதிக்கட்டத்தில் விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்கும் மூவரைத் தவிர மற்ற எல்லோரையும் கொன்றுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்ததாம். பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நொமுரா அதை எதிர்த்தார். அத்தனை பேர் செத்தால் ஏரித்தின் சாவுக்கு மதிப்பு குறைந்துவிடும் என்பது அவர் கவலை. அவர் தடுத்தது நல்லதாகப் போயிற்று.

2020 ஏப்ரலில் ஏழாம் பாகத்தின் ‘ரீமேக்’ வந்தது. பழைய கதையை அப்படியே புதுப்பிப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி: விதி மாறாமல் பார்த்துக்கொள்ளும் ஆவிகள் கதைக்குள் அலைந்தன. கதை தடம் மாறும் போதெல்லாம் அவை குறுக்கே வந்தன. முடிவில் குழு அவற்றையே வீழ்த்திவிடுகிறது. விதி போய்விட்டதென்றால் ஏரித் சாக வேண்டியதில்லையே! ஏற்கெனவே செத்திருக்க வேண்டிய, கிளவுடின் நண்பன் ஸாக் உயிரோடு நடந்து வருகிறான். அந்தக் காட்சியில் காற்றில் பறக்கும் சிப்ஸ் பாக்கெட்டில் ஹெல்மெட் அணிந்த ஸ்டாம்ப் என்ற நாய்ப் படம் இருக்கிறது. கேம் முழுக்க ஒரு ஜாதி நாயாக வந்த ஸ்டாம்ப், அந்தப் பாக்கெட்டில் மட்டும் வேறு ஜாதி. அதை வைத்தே இது வேறோர் உலகம் என்று ரசிகர்கள் கணித்தார்கள். 2024 பிப்ரவரி 29-ல் வந்த, ‘ரீமேக்’கின் அடுத்த பாகமான ‘ரீபர்த்’ அந்தக் கணிப்பு சரிதான் என்று காட்டியது. இவ்வளவு கூர்மையான வாசிப்பு பல நாவல்களுக்குக்கூட வாய்ப்பதில்லை.

ஆனால் ‘ரீபர்த்’தின் முடிவு என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதே மேடை, அதே பிரார்த்தனை. இம்முறை கிளவுட் செஃபிராத்தின் வாளைத் தட்டிவிடுகிறான். காட்சி சிதறுகிறது. ரத்தம் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. தோழர்கள் அழுகிறார்கள். கிளவுட் மட்டும் அவளைப் பார்க்கிறான், அவளோடு பேசுகிறான். நீரில் அவளை விடும் காட்சியை நமக்குக் காட்டவே இல்லை. எப்படித் தடுப்பது என்று முன்பு தெரியாமல் தவித்தோம். இப்போது நடந்ததா என்பதே தெரியவில்லை. ஊகிக்க ஏராளமாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் துக்கப்பட ஓர் இடம் தரவில்லை. 1997-ல் ரசிகர்கள் வதந்தியை நம்பியது, கதை முடிந்துபோய்விட்டது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான். அந்த நிச்சயம் இருந்ததால் அந்த ஆசைக்கும் ஒரு கனம் இருந்தது.

‘ரீமேக்’ வரிசையின் மூன்றாம் பாகத்தைக் குறிவைத்துக் கணிப்புகள் தொடங்கிவிட்டன. நீர்க்காட்சி விடுபட்டதே அவள் பிழைத்ததற்கு ஆதாரம் என்கிறார்கள் ஒரு சாரார். கிளவுடின் மனம் உடைந்ததற்கான ஆதாரம் என்கிறார்கள் மறு சாரார். நான் இரண்டாவது பக்கம். கிளவுடின் மனம் தெளியும்போது, விடுபட்ட அந்தக் காட்சியை அவன் நினைவிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள் என்பது என் கணிப்பு. அப்படிக் காட்டினால் ‘ரீபர்த்’ மீதான என் மனக்குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

(அடுத்த வாரம்: சாவை விளையாடுகிறவர் கையிலேயே கொடுத்துவிட்ட ‘மாஸ் எஃபெக்ட் 2’)