ஊரடங்கில் அணு உலை ஆய்வு

வாலாஜாபேட்டையிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகக் கடலை நோக்கிப் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். 2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. ஆனாலும் நாட்டின் அணுமின் நிலையங்கள் மின்சாரம் தந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைச் சோதிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமோ மும்பையில். பயணிகள் ரயிலும் ஓடவில்லை, பயணிகள் விமானமும் பறக்கவில்லை!

வாரியம் தொலைவிலிருந்தே ஆய்வு நடத்தியது. ஆவணங்களை வரவழைத்துப் படித்து, காணொளியில் கேள்வி கேட்டார்கள். பதிவேடுகளைப் பார்க்க இது போதும். காவல் ஏற்பாடு அப்படியல்ல. வேலியில் ஓட்டை இருந்தால், கேமரா பிடிப்பவர் அந்தப் பக்கம் திருப்பினால்தானே தெரியும்? அமெரிக்காவில் நிலையங்களுக்குள் ஊடுருவுவதுபோல நடத்தும் ஒத்திகைத் தாக்குதல்கள், தனிநபர் இடைவெளி காரணமாகத் தள்ளிப்போயின.

வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை விடவில்லை. அணுப்பொருள் கணக்கை நேரில்தான் சரிபார்க்க வேண்டும் என்று, தன் வரலாற்றில் முதன்முறையாகத் தனி விமானங்களை வாடகைக்கு அமர்த்தி ஆய்வாளர்களை அனுப்பியது. நம் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் அந்த முகமையின் கண்காணிப்பில் உள்ளவையே.